நண்டுத்திட்டுக்குப் போகும் வழி

நீங்கள் கொடுத்தனுப்பிய டீயைக் குடிக்காமல் வைத்திருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐயா. டம்ளரின் விளிம்பில் வேறு யாரோ வாய் வைத்த தடம் இருந்தது. கழுவியிருப்பார்கள், சரியாகக் கழுவவில்லை. எனக்கு அது தொண்டையில் இறங்காது. மற்றபடி உங்கள் ஸ்டேஷனில் என்னை மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். பேப்பரும் பேனாவும் கேட்டவுடன் கொடுத்தீர்கள். எனக்குப் பேச வராது, எழுத வரும். மூன்று வருடமாக நோட்டில் எழுதிப் பழகிய கை.

என் பெயர் வரதன். வயது நாற்பத்தொன்று. நண்டுத்திட்டில் காவலாள். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் சாம்பல் குழாய் வேலை. மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குளத்துக்குத் தள்ளுவார்கள். குழாய் எங்காவது உடைத்துக்கொண்டால் போய் அடைக்கிற ஒப்பந்த ஆட்களில் நானும் ஒருவன்.

அப்போது அத்திப்பட்டில் லைன் வீட்டில் குடியிருந்தேன். எட்டுக் குடித்தனம், ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். பக்கத்து வீட்டுக்காரர் தொண்டையைச் செருமித் துப்பும் சத்தத்தில்தான் எனக்கு விடியும். என் மனைவி நர்மதா நல்ல பெண். ஆனால் சாப்பிடும்போது அவள் தாடையில் டக் டக்கென்று ஒரு சத்தம் வரும். ஆறு வருடம் கேட்டேன். ஏழாவது வருடம் அவளைச் செவ்வாப்பேட்டையில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். சண்டை எதுவும் இல்லை. ஏன் என்று கேட்டாள். சொன்னால் மனம் புண்படும் என்று சொல்லவில்லை. இந்த நாகரிகம் என்னிடம் எப்போதும் உண்டு.

பிறகுதான் திட்டு கிடைத்தது. ஒரு கம்பெனி உப்புத்தண்ணீருக்கு நடுவில் இருந்த அந்த மேட்டில் அலையாத்திச் செடிகள் நட்டு, பெரிய போர்டு ஒன்று வைத்து, தகரக் கொட்டகை போட்டு, ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும் என்றார்கள். மாற்றாள் வேண்டாம், நானே இருந்துகொள்கிறேன் என்றேன். கம்பெனி மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அங்கே போய் முதல் வாரத்தில்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. விடியும்போது மேற்கே புகைபோக்கிகளின் விளக்குகள் ஒன்றொன்றாக மங்கும். கிழக்கே மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இரையும். தண்ணீர் வற்ற வற்றச் சேறு பளபளவென்று வெளியே வரும். அதில் முதலில் உள்ளான் குருவிகள் ஓடும், பிறகு நாரைகள் வந்து நிற்கும், குளிர்காலத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நடக்கும். உளுவை மீன் துடுப்பை ஊன்றிச் சேற்றில் ஏறி, கண்ணை உருட்டி என்னைப் பார்க்கும். நான் அசையமாட்டேன். அதுவும் அசையாது. அரைமணி நேரம்கூட அப்படி இருந்திருக்கிறோம்.

நண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சின்ன நண்டு அழுகியதைத்தான் தின்னும். ஆனால் மண்ணை வாயில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை மிளகு போல உருண்டையாக்கி வரிசையாக வைத்துவிட்டுப் போகும். பிணத்தைத் தின்றாலும் சுத்தமாகத் தின்னும். மனிதர்கள் பிரியாணியைத் தின்றுவிட்டு என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்தேன். யாரும் கேட்கவில்லை. எனக்கே வேண்டியிருந்தது.

செங்கம்மாள் வந்தது முதல் வருடம் மாசி மாதத்தில். எதிர்க்கரை மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். அந்த ஊர்ப் பெண்கள் வலை இல்லாமல் கையாலேயே இறால் பிடிப்பவர்கள். கழுத்தளவு தண்ணீரில் குனிந்து அடியைத் தடவுவார்கள்; இரண்டு கையும் தடவ வேண்டுமென்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். மணிக்கணக்கில் அப்படி. எச்சில் பறியின் விளிம்பில் வழிந்துகொண்டே இருக்கும். அதே பறியிலிருந்துதான் இறாலை எடுத்து விற்பார்கள், நீங்களும் வாங்கித் தின்பீர்கள்.

அன்று அவர் களைத்துப்போய்த் திட்டில் ஏறி, என் தண்ணீர் டிரம்மைக் காட்டி, "ஒரு வாய் தண்ணி குடு நைனா" என்றார். கொடுத்தேன். குடித்துவிட்டு வாயைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "இன்னாத்துக்கு இப்டி ஒண்டியா குந்திக்கினு கெடக்குற? நாஷ்டா துன்னியா?" என்று கேட்டார். தின்றுவிட்டேன் என்றேன். அவர் குடித்த சொம்பை மறுநாள் தண்ணீரில் தூக்கிப் போட்டேன்.

மறுவாரம் டிபன் பாக்ஸில் மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்தார். அதிலிருந்து வாரம் தவறாமல். என் மேல் அவருக்கு இரக்கம். பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் ஒருவன் தண்ணீருக்கு நடுவில் கிடக்கிறானே என்று அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். உட்கார்ந்து வெற்றிலை போடுவார். சிவப்பாகத் துப்புவார், நண்டு வளையின் மேலேயே. என் நோட்டை எடுத்து, இறால் நாற்றம் அடிக்கும் விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சும்மா புரட்டுவார். சிரித்தால் கடைவாய்ப் பல் சொத்தை தெரியும். அவர் கிளம்பிப் போனதும் சாப்பாட்டைக் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிடுவேன். பாக்ஸைக் கழுவி வைப்பேன். "நல்லா துன்னிக்கிற, ஒரு பருக்க மிச்சமில்ல" என்று சந்தோஷப்படுவார். அவரை நோகடிக்க எனக்கு மனமில்லை.

அடுத்து அதே குப்பத்துக் கன்னியம்மாவைக் கூட்டிவந்தார். அப்புறம் எட்டுப் பேர். தண்ணீர் குடிக்க, தலை உலர்த்த, செடி மறைவில் ஒதுங்க. மறைவு என்று அவர்கள் நினைத்தார்கள். வெயில் ஏறியதும் அந்த நாற்றம் கொட்டகைக்குள் வரும். பல நாள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். குமட்டல் என்பதை நீங்கள் எப்போதாவது ஒருமுறை அனுபவித்திருப்பீர்கள். எனக்கு அது காலையில் வந்து மாலையில்தான் போகும்.

இப்போது கழிகளுக்கு வருகிறேன். குப்பத்துக் கரையிலிருந்து திட்டுக்குத் தண்ணீர் வற்றும்போது நடந்தே வரலாம். முழங்கால் அளவுதான் இருக்கும். ஆனால் சாம்பல் வந்து படிய ஆரம்பித்ததிலிருந்து அடி மண்ணை நம்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு வருடமும் பொங்கல் முடிந்து ஊரே கூடி, நடக்கிற வழிக்குச் சவுக்குக் கழிகள் நடுவார்கள். பதினொரு கழி. தலையில் பழைய வலைத்துண்டு கட்டியிருக்கும். அந்த ஊரில் வலை திருடியவனைக்கூட அபராதம் போட்டு விட்டுவிடுவார்கள். கழியைத் தொட்டவனை ஊரைவிட்டே தள்ளி வைப்பார்கள். அதனால் கழியை யாராவது நகர்த்தியிருப்பார்களோ என்ற எண்ணமே அந்த ஜனங்களின் மண்டையில் உதிக்காது. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் கிடப்பவர்கள், காலுக்கு அடியில் மண் வேறு மாதிரி இருந்தாலும் காலை நம்பமாட்டார்கள், கழியைத்தான் நம்புவார்கள்.

செங்கம்மாளின் கணவர் ராஜவேலு போன வருடம் என்னிடம் வந்து, "நீ இங்கயே கீற. காத்துல எதுனா கழி சாஞ்சா நட்டு உட்ரு தம்பி. உன்ன நம்பிக்கினுதான் பொண்டுங்கள அனுப்புறோம்" என்றார். வெளியாள் ஒருவனுக்கு அந்த ஊர் அப்படி உரிமை கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு கேள்விப்பட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு முறை சாய்ந்த கழியைச் சரியாக நட்டும் இருக்கிறேன்.

இந்த வருடம் சித்திரையில் ஆலாப் பறவைகள் திட்டின் தெற்கு மணலில் முட்டையிட்டன. கூடெல்லாம் கிடையாது, மணலில் ஒரு சின்னக் குழிவு, அதில் இரண்டு மூன்று முட்டை, மணல் நிறத்திலேயே. பெண்கள் நடக்கிற வழியிலிருந்து இருபது அடி. அவர்கள் பேச்சுச் சத்தம் கேட்டாலே ஆலாக்கள் எழும்பிவிடும், முட்டை வெயிலில் வேகும். செங்கம்மாளிடம் சொன்னேன். "பாவம், நாங்க சுத்திக்கினு போறோம்" என்றார். சுற்றிக்கொண்டும் போனார்கள். பேச்சை மட்டும் நிறுத்த முடியவில்லை.

அதே மாதத்தில்தான் அவர் அந்தச் செய்தியோடு வந்தார். கம்பெனி அதிகாரியிடம் இவர்களே போய்க் கேட்டு, திட்டில் பெண்கள் ஒதுங்குவதற்கு ஒரு ஷெட், இரண்டு கக்கூஸ், ஒரு அடிபம்பு என்று அனுமதி வாங்கிவிட்டார்களாம். அடுத்த மாதம் வேலை ஆரம்பம். "இனி உனக்கும் தொணைக்குத் தொணயாச்சு. தெனம் பத்துப் பேரு வந்து போய்க்கினு இருப்போம்" என்று என் முழங்கையைத் தொட்டார். நான் சிரித்தேன். அவர் போன பிறகு அந்த இடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தோல் உரிந்துவிட்டது.

நான் பைத்தியக்காரன் இல்லை. நிதானமாக யோசித்தேன். திட்டுக்கு வருகிற வழி கடினமானால் வரமாட்டார்கள், வராவிட்டால் ஷெட் தேவைப்படாது. இவ்வளவுதான் என் யோசனை. வழி கடைசி மூன்று கழிகளில் ஒரு வளைவு வளைந்து வரும். எதற்காக வளைகிறது என்று இப்போது ஊரில் பலருக்கு நினைவில்லை. எனக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் குழாய் பெரிதாக உடைத்துக்கொண்டு, அங்கிருந்த பழைய வாய்க்காலைச் சாம்பல் நிரப்பிவிட்டது. அடைக்கப் போன ஆட்களில் நான் இருந்தேன். மேலே பார்த்தால் மற்றச் சேறு போலத்தான் இருக்கும். முதல் அடியைத் தாங்கும், இரண்டாவதையும் தாங்கும். அப்போது ஒரு எருமை அதில் இறங்கிவிட்டது. குழாய் வேலை மேஸ்திரி தடுத்துவிட்டதால் நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். கழுத்துவரை போய் நின்றுவிட்டது. பிறகு தண்ணீர் ஏறி மூடியது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

நான் அந்த வளைவை நிமிர்த்தினேன். மூன்று கழியைப் பிடுங்கிப் பத்துப் பத்து அடி தள்ளி நட்டேன், அவ்வளவுதான். பார்ப்பதற்கு முன்னைவிட ஒழுங்காகவே இருந்தது. முழங்கால்வரை புதைந்தால் பயந்து திரும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு மூங்கிலை விட்டு ஆழமும் பார்த்தேன். என் நோட்டில் அந்த அளவு இருப்பதை நீங்கள் காட்டினீர்கள். ஒன்பது அடி. எதையும் அளந்து எழுதுவது என் பழக்கம்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குச் செங்கம்மாள் தனியாக வந்தார். மற்றவர்கள் கன்னியம்மா வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தார்களாம். இவர் மட்டும் எனக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். டிபன் பாக்ஸைப் பறிக்குள் வைத்து, பறியைத் தலையில் கவிழாமல் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். எட்டாவது கழியைத் தாண்டினார். ஒன்பதாவதை நோக்கி நேராக வந்தார். கொஞ்சம் தயங்கிக் குனிந்து காலைப் பார்த்தார். பிறகு கழியைப் பார்த்தார். நடந்தார்.

இடுப்புவரை இறங்கியதும்தான் கூப்பிட்டார். "வரதா, கால் எறங்கிக்கினு போவுதுபா. ஒரு கவுறு இருந்தா போடேன்." குரலில் பயம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. "கழி சரியாத்தான் கீது. நாந்தான் எங்கியோ பராக்கு பாத்துக்கினு வந்துட்டேன்."

நான் கொட்டகை வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கயிறு இருந்தது. பலகையும் இருந்தது. சாம்பலில் இறங்கிய ஆளைப் பலகை போட்டுக் குப்புறப் படுத்து, கக்கத்துக்குக் கீழே கயிறு கொடுத்து, அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். வேலையில் இருந்தபோது இரண்டு பேரை அப்படி எடுத்திருக்கிறேன். போனிலும் சார்ஜ் இருந்தது. இதையெல்லாம் நீங்கள் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

எழுந்து நாலடி போனேன். உண்மையில் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். "நீ வராத, நைனா. உன்னயும் இஸ்துக்கும். போனப் போட்டு ஊட்டாண்ட சொல்லு, அவரு ஆளக் கூட்டிக்கினு வருவாரு." ஆகவே நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவரே வராதே என்று சொன்னதை உங்கள் ரிப்போர்ட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

தண்ணீர் எட்டரைக்கு ஏற ஆரம்பித்தது. அவர் கூப்பிடக் கூப்பிட ஆலாக்கள் எழும்பி எழும்பி இறங்கின. போன் கிடைத்ததா, போன் கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பதில் சொல்லவில்லை, சொன்னால் இன்னும் பேசுவார். நடுவில் மகனைக் கூப்பிட்டார், மருமகள் அஸ்வினியைக் கூப்பிட்டார், அவர்கள் சாமியைக் கூப்பிட்டார். மூக்கு ஒழுகியதைத் துடைக்காமலே கூப்பிட்டார். கழுத்துக்குத் தண்ணீர் வந்ததும் ஒன்று செய்தார். தலையிலிருந்த பறியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார். கழுத்தளவுத் தண்ணீரில் முப்பது வருடமாகச் செய்து வந்த பழக்கம். கை இரண்டும் தண்ணீருக்குள் எதையாவது பிடிக்கத் தேட வேண்டியிருந்தது, பறி தானாக வாய்க்குப் போயிற்று. அதற்குப் பிறகு அவரால் கத்த முடியவில்லை.

நோட்டில் இருப்பது இதுதான்: பதினொன்று பத்து, அமைதி. ஆலாக்கள் முட்டைக்குத் திரும்பின.

மாலை ஐந்தரை மணிக்குத் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் மூன்று கழியையும் பழைய இடத்தில் நட்டுவிட்டு, கரைக்குப் போய்ச் சொன்னேன். ராஜவேலு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீயாச்சும் பாத்தியே தம்பி, இல்லனா பொணங்கூட கெடச்சிருக்காது" என்றார். அவர் கண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு நாள் பொறுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பால் ஊற்ற வந்தபோது அஸ்வினிதான் கவனித்தாள். கழிகளில் தண்ணீர் தொடுகிற உயரம்வரைதான் சின்னச் சிப்பிகள் ஒட்டி வளரும். எட்டுக் கழியில் சிப்பிக் கோடு ஒரே மட்டத்தில் இருந்தது. மூன்றில் மட்டும் ஒரு சாண் மேலே. அவசரத்தில் நான் ஆழமாக அடிக்கவில்லை. அவள் அந்த மூன்றையும் தொட்டுப் பார்த்தாள், பிறகு திட்டைப் பார்த்தாள். கூர்மையான பெண். இயற்கையைக் கவனிக்கிறவர்கள் எனக்குப் பிடிக்கும்.

முட்டைகள் என்ன ஆயின என்று நீங்கள் கேட்டீர்கள். அடுத்த பௌர்ணமிக்குத் தண்ணீர் மணலில் ஏறி அடித்துப்போய்விட்டது. அது இயற்கை, அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஷெட் வேலை ஆரம்பித்துவிட்டதாகவும் செங்கம்மாள் பெயரை எழுதப் போகிறார்களென்றும் வாசலில் நிற்கும் காவலர் சொன்னார்.

கடைசியாக அந்த டிபன் பாக்ஸ். அஸ்வினி காலையில் தன் கையாலேயே சோறும் இறால் தொக்கும் வைத்து மூடிக் கொடுத்ததாகவும், நான் திருப்பிக் கொடுத்தபோது திறந்தால் உள்ளே சோப்பு வாசனை அடித்ததாகவும் சொல்லியிருக்கிறாள். உண்மைதான். பன்னிரண்டு மணிக்குப் பறி மிதந்து வந்து திட்டில் ஒதுங்கியது. விளிம்பில் பல் பதிந்திருந்தது. பாக்ஸ் இறுக்கமாக மூடியிருந்ததால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மூன்று வருடத்தில் அவர் கொண்டுவந்ததில் நான் சாப்பிட்டது அது ஒன்றைத்தான். உப்பு கொஞ்சம் தூக்கல், மற்றபடி நன்றாக இருந்தது. பிறர் கை பட்ட சோறு எனக்கு இறங்காது, அன்று இறங்கியது. பக்கத்தில் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை, அதனால் இருக்கலாம். பிறகு பாக்ஸை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, ராஜவேலு கையில் கொடுத்தேன். அந்த வீட்டுப் பொருள் எதையும் நான் வைத்துக்கொண்டதில்லை.